முதல் மனிதர் யார்? மதங்கள் சொல்வது பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, பைபிளில் வரும் ஆதாமும் குர்ஆனில் வரும் ஆதமும் ஒருவர்தானா?

ஒருவர்தான். மண்ணிலிருந்து படைப்பு, விலக்கப்பட்ட மரம், தோட்டத்தை விட்டு வெளியேறுவது எல்லாம் இரண்டிலும் உண்டு. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதில்தான் வித்தியாசம். குர்ஆனில் ஆதமும் துணைவியும் சேர்ந்து தவறுகிறார்கள், சேர்ந்தே மன்னிப்புக் கேட்கிறார்கள், இறைவன் மன்னித்துவிடுகிறான். பிள்ளைகள் தலையில் அந்தப் பாவம் ஏறுவதில்லை. ஆதம் அங்கே முதல் நபியும்கூட. பைபிளில், இயேசுவின் தூதரான பவுல் ரோமருக்கு எழுதிய கடிதமோ, ஆதாம் ஒருவனால் பாவமும் மரணமும் உலகத்துக்கு வந்தன என்கிறது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் இதை ஜென்ம பாவக் கொள்கையாக, அதாவது ஆதாமின் பாவத்தோடுதான் ஒவ்வொருவரும் பிறக்கிறார்கள் என்ற கொள்கையாக வளர்த்தார். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் மரணம் நமக்கு வந்ததை ஏற்கின்றன, ஆதாமின் குற்றமே நம்முடையது என்பதை ஏற்பதில்லை.

கேள்வி: யூதர்களும் ஜென்ம பாவத்தை நம்புகிறார்களா?

பொதுவாக இல்லை. அவர்களுடைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, மரண தண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வருபவர்களை எச்சரிக்கும்போது ஆதாமை இழுக்கிறது. மனிதன் ஏன் தனி ஒருவனாகப் படைக்கப்பட்டான்? ஓர் உயிரை அழிப்பவன் ஓர் உலகத்தையே அழித்தவன் என்று காட்டுவதற்காக. 'என் தகப்பன் உன் தகப்பனைவிடப் பெரியவன்' என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகவும்தான். ஆதாம் கதைக்கு நான் படித்த விளக்கங்களில் இதைவிட உயர்ந்தது இல்லை. குலப்பெருமை பேசுகிறவர்கள் இதை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் மனுதான் நம்ம ஆதாமா?

அடிக்கடி இப்படிச் சொல்கிறார்கள், ஆனால் சரியாகப் பொருந்தாது. புராணக் கணக்கில் ஒரு கல்பத்துக்கு, அதாவது பிரம்மாவின் ஒரு பகலுக்கு, 14 மனுக்கள். முதல்வர் சுவாயம்புவ மனு, அவர் மனைவி சதரூபை. இப்போது நடப்பது ஏழாவதான வைவஸ்வத மனுவின் காலம். அதாவது மனு என்பது ஒரு பதவி மாதிரி. சதபத பிராமணம் என்ற வேத நூலில் மீன் வந்து வெள்ளத்திலிருந்து காப்பாற்றும் மனுவை, பைபிளில் பெருவெள்ளத்தில் பிழைக்கும் நோவாவோடு ஒப்பிட்டால் இன்னும் பொருத்தமாக இருக்கும். அப்புறம், ரிக் வேதம் யமனை முக்கியமாகச் சொல்கிறது. மறுவுலகத்துக்கான வழியை முதலில் கண்டவன் அவன். அதர்வ வேதம் இறந்தவர்களில் முதல்வன் என்றே அவனைச் சொல்கிறது. 'முதலில் பிறந்தவர் யார்' என்பதைவிட 'முதலில் இறந்தவர் யார்' என்று கேட்கும் அந்த மனம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கேள்வி: பௌத்தம், சமணத்தில்?

இரண்டிலும் படைத்த கடவுளும் இல்லை, உலகத்துக்குத் தொடக்கமும் இல்லை. அதனால் ஆதாமைத் தேட வேண்டியதில்லை. பாலி மொழியில் உள்ள அக்கஞ்ஞ சுத்தம் என்ற பௌத்த நூலில் ஒளியுடல் கொண்ட உயிர்கள் பூமியின் சுவையை ருசிக்கத் தொடங்கி, ஆசை கூடக்கூட உடல் தடித்து மனிதர்களாகின்றன. சமணத்தில் ரிஷபநாதர் முதல் தீர்த்தங்கரர், அதாவது வழிகாட்டும் குருக்களில் முதல்வர். மக்களுக்கு உழவும் தொழிலும் கற்றுத் தந்தவர் அவர். அவருக்கு முன்பே மனிதர்கள் இருந்தார்கள்.

கேள்வி: ஆதாமின் முதல் மனைவி லிலித் என்பது உண்மையா?

பைபிளில் அந்தக் கதை இல்லை. இடைக்கால யூத நூல் ஒன்றில் வருகிறது.

கேள்வி: பரிணாமக் கொள்கையை ஏற்றுக்கொண்டு ஆதாமையும் நம்ப முடியுமா?

பலர் நம்புகிறார்கள். 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் பரிணாமத்தில் வந்ததா என்று கத்தோலிக்க அறிஞர்கள் ஆராயலாம், ஆன்மாவை மட்டும் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று எழுதினார். முஸ்லிம் அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை.

கேள்வி: எல்லா மதத்திலும் ஆண்தான் முதலா?

இல்லை. பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்கிறது. விலா எலும்புக் கதை இரண்டாம் அதிகாரத்தில்தான். பழைய பாரசீக மதமான ஜொராஸ்திரிய மரபில், ஆதி மனிதனான கயோமர்த் இறந்த பிறகு அவன் வித்திலிருந்து ஒரு செடி முளைக்கிறது. அதிலிருந்து மஷ்யா, மஷ்யானா என்ற ஆணும் பெண்ணும் ஒட்டியபடியே வளர்கிறார்கள். வட அமெரிக்காவின் இரோக்குவா மக்களிடம் கதை ஒரு பெண்ணிடம் தொடங்குகிறது. கர்ப்பிணியாக வானுலகத்திலிருந்து விழும் அவளைப் பறவைகள் தாங்கிப் பிடித்து, ஆமையின் முதுகில் இறக்குகின்றன.