அப்பாவின் லாம்பிரெட்டா – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அப்பா 1971-இல் வாங்கிய லாம்பிரெட்டா 150 ஸ்கூட்டர் எங்கள் மும்பை முலுண்ட் குடியிருப்பில் படிக்கட்டுக்கு அடியில் பதினெட்டு வருடமாக நிற்கிறது. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. இப்போது குடியிருப்போர் சொசைட்டியில் வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஒரு பட்டறைக்காரர், ஆசிட்டில் முக்கி, குரோம் பூசி, மெட்டாலிக் பெயின்ட் அடித்து ‘ஷோரூம் வண்டி மாதிரி’ தருகிறேன் என்கிறார். எனக்கோ நானே செய்து பார்க்க ஆசை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஆயில் மாற்றிய தேதிகளை அப்பா பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு பட்டறைக்கு அனுப்ப மனசு வரவில்லை. ஃப்ளாட்டில் இருந்துகொண்டு இதெல்லாம் நடக்கிற காரியமா?

ஆர்.எஸ்., முலுண்ட்

அன்புள்ள ஆர்.எஸ்.,

நடக்கும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் கீழே போய் அந்த மூடியைக் கழற்றி, துணியில் சுற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஆசிட் தொட்டிக்குள் போனால் அப்பாவின் கையெழுத்து மிஞ்சாது.

உங்கள் வண்டி பிறந்த இடம் உங்கள் வீட்டிலிருந்து இரண்டே ஸ்டேஷன் தள்ளி, பாண்டுப்பில் இருக்கிறது. எம்.ஏ. சிதம்பரத்தின் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அங்கேதான் லாம்பிரெட்டா செய்தது. சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அவர்தான். மூலம் இத்தாலி. மிலன் நகரத்தில் இரும்புக் குழாய் செய்துகொண்டிருந்த ஃபெர்டினாண்டோ இன்னொசென்ட்டி 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கூட்டர் இது. தொழிற்சாலை இருந்த பகுதி லாம்பிராத்தே, பக்கத்தில் லாம்பிரோ ஆறு; பெயர் அங்கிருந்து வந்தது. உங்கள் அப்பா வண்டி எடுத்த அதே 1971-இல்தான் மிலனில் லாம்பிரெட்டா உற்பத்தியை நிறுத்தினார்கள். இங்கே அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது. அதனால்தான் இன்றைக்கும் நம்மூரில் உதிரிப் பாகம் கிடைக்கிறது.

குழாய்க்காரர் செய்த வண்டி என்பது கழற்றும்போது தெரியும். வெஸ்பாவுக்குத் தகடே உடம்பு. லாம்பிரெட்டாவுக்கு உள்ளே தடித்த குழாய்ச் சட்டம் ஓடுகிறது, தகடெல்லாம் மேலே போர்த்திய சட்டைதான். மும்பைக் காற்றில் பதினெட்டு வருடம் நின்ற வண்டியின் சட்டை கிழியாமல் இருக்காது, அதைப் பார்த்துக் கலங்காதீர்கள். குழாய் உளுத்திருக்கிறதா என்று மட்டும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள்.

நான் முதலில் எடுத்த லாம்பிரெட்டாவை ஒரு பட்டறையில்தான் விட்டேன். மூன்று மாதம் என்று சொல்லிப் பதினொரு மாதம் கழித்துத் தந்தார்கள். கண்ணைப் பறித்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் விக்ரோலி தாண்டும்போது கிறீச்சென்று ஒரு சத்தம், பின் சக்கரம் இறுகிவிட்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது. பெயின்டுக்கு அத்தனை செலவு செய்தவர்கள் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் ஆயில் சீலை, அதாவது காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை, மாற்றவேயில்லை. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் காய்ந்து கல்லாகிவிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடு கலந்து உள்ளே போகிறது, இல்லையா? சீல் வழியாக வெறும் காற்று புகுந்தால் கலவை மெலிந்து, சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும். அடுத்த மழைக்காலத்தில் பெயின்ட்டும் கொப்பளித்தது. அடியில் துருவின் மேலேயே பட்டி பார்த்திருந்தார்கள்.

அதனால்தான் பெயின்ட் கடைசி என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

முதலில் எஞ்சின். ஆசையில் கிக்கரை உதைத்துவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் கழித்து எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கவலை போயிற்று. எஞ்சினை வண்டியோடு பிடித்திருப்பது குறுக்கே போகும் ஒரு நீள போல்ட்டும் பின் ஷாக் அப்சார்பரும்தான். அந்த நீள போல்ட்தான் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். துருப்பிடித்து உள்ளேயே இறுகியிருக்கும். துருநீக்கி எண்ணெயைத் தினமும் காலையில் விட்டு ஒரு வாரம் காத்திருங்கள். சுத்தியலால் அடித்தால் மரை போய்விடும். கேபிள்களைக் கழற்றி எஞ்சினை இறக்கினால் இரண்டு பேர் தூக்கிப் பால்கனியில் வைத்துவிடலாம். ஒரு மேஜை போதும்.

சீல், பேரிங் எல்லாமே புதிதாகப் போடுங்கள். இதில் மட்டும் பணத்தைப் பார்க்காதீர்கள். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் உள்பக்கத்தைக் கொஞ்சம் குடைந்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம், வார்ப்பிரும்பு, தாங்கும். கழற்றும் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதிவிடுங்கள். ஓடத் தொடங்கியதும் நான் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலக்கிறேன். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் அரிக்கும். ஓட்டாத மாதங்களில் டேங்கில் விட்டுவைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியின் ரிம் இரண்டு பாதிகளாக நட்டுப் போட்டு முடுக்கியது. டியூபில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் தெறித்து முகத்தில் அடிக்கும். முதலில் வால்வைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள்.

பெயின்ட்டை அப்புறம் யோசிக்கலாம். சில இடங்களில் மெழுகு தேய்த்தாலே பழைய நிறம் எழுந்து வரும். தகட்டை மணல் அடித்துச் சுத்தம் செய்யக் கொடுத்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடும், கவனம். எதையெல்லாம் குரோமில் முக்கலாம் என்று பட்டறைக்காரர் கேட்பார். அலுமினிய பாகங்களைப் பாலீஷ் செய்தால் போதும். உடைந்த பாகத்துக்குக் குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் அலையுங்கள். புதிதாக வார்த்த பாகத்தைவிடப் பாண்டுப்பில் செய்த பழைய பாகம் கிடைத்தால், கீறல் இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும். வாரிசு மாற்றத்துக்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழோடு. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் விண்டேஜ் பதிவு என்று தனியாக வந்திருக்கிறது; புதிய பதிவுக்கு ‘விஏ’ எண், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அதில் பதிந்தால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினசரி வேலைக்கு எடுக்க முடியாது. வண்டியின் குழாய்ச் சட்டத்திலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறது. எந்த வழியில் போனாலும் அந்தக் குழாய்ச் சட்டத்தில் பொறித்த எண்ணைத் தேய்க்கவோ பட்டி வைத்து மூடவோ யாரையும் விடாதீர்கள்.

சொசைட்டியில் மழை முடியும்வரை அவகாசம் கேட்டுப் பாருங்கள். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்கென்று ஒரு புல்லர் வேண்டும், அது என்னிடம் இருக்கிறது. எஞ்சினை இறக்கும் ஞாயிறு எது என்று எழுதுங்கள், செம்பூரிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்த மூடியையும் பார்க்க வேண்டும்.