உறைபனிக் காலத்தில் நாற்றுப் படுக்கைக்குச் சூடு: வாசகர் கேள்விகள்

கேள்வி (தலைக்குந்தா): வீட்டுப் பின்புறத்தில் சின்னதாக கிரீன்ஹவுஸ் போட்டிருக்கிறேன். ராத்திரி முழுக்க ரூம் ஹீட்டர் ஓடியும் வேர்விட நட்ட ஃபூஷியா, ஹைட்ரேஞ்சா பூச்செடிக் குச்சிகள் துளிர்த்துத் துளிர்த்து வாடிப்போகின்றன. ஏன்?

மேலே சூடு, கீழே குளிர். அதுதான் காரணம். காற்று கதகதப்பானதும் குச்சி தன்னிடம் உள்ள சத்தைக் கொண்டு இலை விடுகிறது. மண் பத்து டிகிரியில் கிடப்பதால் வேர் வருவதில்லை. இலை கேட்கிற தண்ணீரைக் கொடுக்க ஆளில்லாமல் வாடுகிறது. இதைத் தலைகீழாக மாற்றுங்கள். குச்சியின் அடிப்பகுதி 20 முதல் 22 டிகிரியில் இருக்கட்டும். மேலே காற்று குளிர்ச்சியாகவே இருக்கலாம், உறைபனி மட்டும் படக்கூடாது. ஹீட்டரை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): கேபிள் போட்டுப் படுக்கை அமைக்கும் முறையை விளக்க முடியுமா? மின்கட்டணம் எவ்வளவு ஆகும்?

ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டிக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். அதன்மேல் இரண்டு அங்குல தெர்மாகோல் பலகை. பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்; இது இல்லையென்றால் பாதிச் சூடு கீழே போய்விடும். அடுத்து இரண்டு அங்குல மணல், அதன்மேல் மண் சூடேற்றும் கேபிளை மூன்று நான்கு அங்குல இடைவெளியில் வளைத்து வளைத்துப் பரப்புங்கள். கேபிள் எங்கும் தன்மேல் தானே ஏறக்கூடாது, ஏறிய இடம் கருகும். நீளம் மிஞ்சினாலும் வெட்டாதீர்கள். வெட்டினால் மின்தடை குறைந்து, மீதிக் கேபிள் அளவுக்கு மேல் சூடாகும். மேலே மறுபடி இரண்டு அங்குல மணல், அதற்கும் மேல் வெல்டு மெஷ். களைக்கொத்து கேபிளில் படாமல் காக்க இந்தக் கம்பிவலை.

மணல் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். காய்ந்த மணல் சூட்டைச் சரியாகக் கடத்தாது.

சதுர அடிக்கு 10 முதல் 15 வாட் என்பது கணக்கு. உங்கள் படுக்கைக்கு 200 வாட் போதும். சூட்டைப் பார்த்து கேபிளைத் தெர்மோஸ்டாட் கருவி தானே அணைத்து அணைத்துப் போடுவதால் நாளில் பாதி நேரம் ஓடுவதாக வைத்தால் 2.4 யூனிட். அதன் சென்சாரை இரண்டு கேபிள் வரிசைக்கு நடுவே, குச்சியின் அடி நிற்கும் ஆழத்தில் புதைக்க வேண்டும். காற்றில் தொங்கவிட்டால் விடிய விடிய ஓடும்.

ஈரமும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்கிற வேலை இது. நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்சும் இல்லாமல் ஸ்விட்சைப் போடவே வேண்டாம். எலக்ட்ரீஷியன் கூலியில் மிச்சம் பிடிக்கிற இடமில்லை இது.

கேள்வி (கொடைக்கானல்): முட்டைக்கோஸ், லெட்டூஸ் விதைக்கும் இந்தச் சூடு தேவையா?

வேண்டாம். லெட்டூஸ் விதை 25 டிகிரியைத் தாண்டினால் முளைக்கவே தயங்கும். குடைமிளகாய்க்குத்தான் கட்டாயம் வேண்டும்: 25 முதல் 28 டிகிரியில் எட்டு, பத்து நாளில் முளைக்கும், 15 டிகிரியில் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பாதி விதை அழுகியிருக்கும்.

கேள்வி (குன்னூர்): முளைத்த நாற்றுகள் தரையோடு ஒட்டிய இடத்தில் கறுத்துச் சாய்கின்றன. சூடு அதிகமா?

சூட்டைவிட ஈரமே காரணமாக இருக்கும். நாற்றழுகல் இது. மூடிய பாலிதீனுக்குள் நீர்த்துளி சொட்டிக்கொண்டிருந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். காலை வெயில் ஏறியதும் ஒரு பக்கம் திறந்துவிடுங்கள், மாலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாற்று வளரும் மண் கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலப்பது நல்லது. முளை தலைகாட்டியதும் சூட்டை நாலைந்து டிகிரி குறையுங்கள்.

கேள்வி (மன்னவனூர்): எங்கள் தோட்டத்துக்கு மின்சாரம் வராது. வேறு வழி உண்டா?

உண்டு, அதுவும் நல்ல வழி. புதிய குதிரை லத்தியை வைக்கோலோடு கலந்து ஒரு வாரம் குவித்து, ஒருமுறை புரட்டிவிட்டு, ஒன்றரை இரண்டு அடி உயரத்துக்கு மரப்பெட்டியில் மிதித்து நிரப்புங்கள். மாட்டுச் சாணமும் சூடாகும், ஆனால் குறைவாக. மேலே ஐந்து அங்குலம் மண் பரப்புங்கள். முதலில் 60 டிகிரி வரைகூட ஏறும். அம்மோனியா நெடியும் அடிக்கும். அப்போது விதைத்தால் வெந்துவிடும். தெர்மாமீட்டரை மண்ணில் செருகி, 30க்குக் கீழே இறங்கிய பிறகு விதையுங்கள். சில வாரங்களுக்குச் சூடு நிற்கும். இரவில் மேலே சாக்குப் போட்டு மூடி, விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.