சென்டர் பேரிங் மாற்றப் போகிறீர்களா? முதலில் கோடு போடுங்கள்

கேள்வி: பின்சக்கர இயக்கம் உள்ள பழைய கார் என்னுடையது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இருக்கைக்கு அடியில் தடதடவென்று உதறுகிறது. வேகம் எடுத்ததும் உதறல் அடங்கி, ஓர் உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டே வருகிறது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு) சென்டர் பேரிங் போய்விட்டது என்கிறார்கள். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. வீட்டிலேயே நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் பழுது அதுதானா என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். உறுமல் வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகியுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் கியர் மாற்றும்போது ஒரே ஒரு 'டங்' கேட்டால் யூ-ஜாயின்ட்டை, அதாவது ஷாஃப்ட்டைக் கோணத்தில் மடங்கியபடியே சுழல விடும் மூட்டைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சென்டர் பேரிங்குக்கு நன்றாகவே பொருந்துகின்றன.

கியர்பாக்ஸிலிருந்து பின்னால் டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) வரை ஒரே நீளக் குழாயாக இருந்தால், வேகத்தில் அது நடுவில் வளைந்து ஆடும். அதனால் ஷாஃப்ட்டை இரண்டு துண்டாக்கி, நடுவில் ஒரு பேரிங்கை ரப்பருக்குள் வைத்து, வண்டியின் தரைத்தகட்டில் போல்ட் போட்டுத் தொங்கவிடுகிறார்கள். ரப்பர் கிழிந்தால் கிளம்பும் இழுவையில் ஷாஃப்ட் எகிறும், உதறல் அதனால்தான். பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்தோ கிரீஸ் வற்றியோ போனால் உறுமும். உங்கள் வண்டியில் இரண்டுமே நடந்திருக்கலாம்.

அடியில் போகும் முன் ஒன்று. ஜாக்கியை மட்டும் நம்பிப் போகவே கூடாது. சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, ஸ்டாண்டு கொடுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு கியரில் போட்டு வைத்தாலும் பின்சக்கரத்தை அது பிடிக்காது. இதைப் பலர் யோசிப்பதில்லை.

இப்போது, இந்தப் பதிலை நான் எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன், வெள்ளைப் பெயின்ட் எடுத்துக் கோடு போடுங்கள். டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சும் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத்தகடு) ஷாஃப்ட் ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில் ஒன்று. முன்துண்டும் பின்துண்டும் சேரும் இடத்தில் ஒன்று. பேரிங் பிராக்கெட் தரைத்தகட்டில் உட்காரும் இடத்தைச் சுற்றி ஒன்று. பிராக்கெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தகடோ வாஷரோ இருந்தால், எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வையுங்கள். ஷாஃப்ட்டின் கோணமே அவற்றில்தான் இருக்கிறது.

தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் கோடு போடாமல் ஒரு ஷாஃப்ட்டைப் பிரித்துவிட்டேன். புது பேரிங், புது நட்டு, எல்லாம் சுத்தமாக மாட்டினேன். வண்டியை ஓட்டிப் பார்த்தால் முன்பைவிட மோசமாக நடுங்கியது. இரண்டு நாள் பேரிங்கையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்ட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நடு ஜாயின்ட்டின் கவடு (மூட்டைப் பிடிக்கும் இரட்டைக் கிளை) ஒரு திசையில், பின் ஜாயின்ட்டின் கவடு வேறு திசையில். யூ-ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை அடுத்த ஜாயின்ட் ஈடு செய்ய வேண்டுமானால், ஷாஃப்ட்டின் இரு முனைக் கவடுகளும் வண்டியைச் செய்தவர்கள் வைத்த அதே நிலையில் இருக்க வேண்டும். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் 16 பல் ஸ்ப்லைனில் ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினால் 22.5 டிகிரி விலகல். எந்தப் புது பேரிங்கும் அதைச் சரிக்கட்டாது.

மற்ற வேலை நேரானது. ஹேண்ட்பிரேக் பிடித்து ஃபிளாஞ்ச் போல்ட்களைத் தளர்த்துங்கள். ரிங் ஸ்பேனர்தான் நல்லது, திறந்தவாய் ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும். பின்துண்டைக் கீழே தொங்கவிடாமல் கையிலோ கயிற்றிலோ தாங்குங்கள். கியர்பாக்ஸிலிருந்து உருவ வேண்டிய வகை என்றால் எண்ணெய் வழியும். கீழே ஒரு தட்டு வையுங்கள்.

பழைய பேரிங்கை புல்லர் போட்டு இழுங்கள். ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். வெளியே வந்ததும் அதை விரலில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள்: மணலை அரைப்பதுபோல் கரகரப்பு கையில் தெரியும். ரப்பரின் உள்வளையத்தை அமுக்கினால், பேப்பரைப் போல மடங்கிக் கிழிசல் வாய் திறக்கும்.

புதியதை ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் உட்காரும் அளவான குழாயை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். வெளிவளையத்திலோ ரப்பரிலோ அடி விழுந்தால் புது பேரிங்குக்குள் அப்போதே தழும்பு விழுந்துவிடும். தூசி மூடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் பழையதோடு ஒப்பிடுங்கள்.

கோடுகளைச் சேர்த்து மாட்டியபின் பிராக்கெட் போல்ட்களைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஹேண்ட்பிரேக்கை விட்டு, நியூட்ரலில், தூக்கி நிற்கும் பின்சக்கரத்தைச் சில சுற்று சுற்றுங்கள். ரப்பர் இழுபடாமல் பேரிங் தன் இடத்தில் அமர்ந்ததும் டார்க் ரென்ச்சில் முழுதாக இறுக்குங்கள். சில மாடல்களில் பிராக்கெட்டைச் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளி இறுக்கச் சொல்வார்கள். அந்த அளவும் இறுக்கத்தின் அளவும் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அடுத்தவர் வண்டியின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். லாக் நட்டுகள் புதியவையாக இருக்கட்டும்.

கேள்வி: ரப்பர் மட்டும்தான் கிழிந்திருக்கிறது, பேரிங் நன்றாகச் சுழல்கிறது. ரப்பரை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: தனியாகக் கிடைத்தாலும் நான் மாற்ற மாட்டேன். இரண்டுக்கும் ஒரே வயது. அந்த இடத்துக்கு மறுபடி போகக் கழற்ற வேண்டியதெல்லாம் மறுபடி கழற்ற வேண்டும்.

கேள்வி: என் கார் முன்சக்கர இயக்கம். அதிலும் இந்தப் பேரிங் உண்டா?

பதில்: சில வண்டிகளில் உண்டு. ஒரு பக்க ஷாஃப்ட் நீளமாக இருந்தால் அதை இரண்டாக்கி, நடுத்துண்டை இன்ஜின் பிளாக்கில் பொருத்திய பேரிங்கில் தாங்குவார்கள். அதைக் கழற்ற சக்கர முனை நட்டையும் எடுக்க வேண்டும், கியர் எண்ணெயும் வெளியே வரும். ஷாஃப்ட்டை உருவிய கையோடு ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள்.