ஜிகோலோவும் பரத்தனும்

அன்புள்ள ஐயா,

உங்கள் சிறுகதையில் ஓர் இளைஞனை 'ஜிகோலோ' என்கிறீர்கள். அகராதியைப் பார்த்தால் 'ஆண் விபச்சாரி' என்று இருக்கிறது. கதையில் அவன் அந்த வயதான சீமாட்டியோடு விருந்துக்குப் போகிறான், நடனமாடுகிறான், அவ்வளவுதான். பொருள் இடிக்கிறதே? இது இத்தாலியச் சொல்தானே? தமிழில் வேறு சொல் கிடைக்கவில்லையா?

கி.

அன்புள்ள கி.,

ஓசையைக் கேட்டால் இத்தாலியம் போலத்தான் இருக்கும். ஆனால் பிரெஞ்சு. முதலில் வந்தது 'ஜிகோலெத்' என்ற பெண்பால் சொல். பாரிஸின் மலிவான நடனக்கூடங்களில் திரிந்த பெண்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர். கால், துள்ளி ஆடுவது என்ற பொருளுள்ள சொற்களோடு உறவுடையது; ஆட்டுத்தொடைக் கறிக்கான 'ஜிகோ'வும் இந்தக் குடும்பம்தான். அந்தப் பெண்ணின் காதலன் ஜிகோலோ ஆனான். ஆண்பாலிலிருந்து பெண்பாலை உண்டாக்குவதுதான் வழக்கம், இங்கே தலைகீழ்.

முதல் உலகப் போருக்குப் பிறகு சொல்லுக்கு வேறு வாழ்க்கை அமைந்தது. ஆண்கள் லட்சக்கணக்கில் செத்துப்போயிருந்தார்கள், டாங்கோ நடன மோகமோ தலைக்கேறியிருந்தது. தனியாக வரும் பெண்களோடு ஆட ஓட்டல்கள் கூலிக்கு ஆள் வைத்தன. பின்னாளில் பெரிய சினிமா இயக்குநரான பில்லி வைல்டர் 1920களில் பெர்லினில் பத்திரிகையாளராக இருந்தபோது இந்த வேலையைச் செய்து, அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவும் செய்தார். பணக்கார முன்னாள் நடிகையின் தயவில் வாழும் இளம் எழுத்தாளனைப் பற்றி அவரே 1950இல் 'சன்செட் பொலிவார்ட்' எடுத்தார். சும்மாவா வரும்?

ஆக, ஜிகோலோவிடம் வாங்கப்படுவது முதலில் துணை. படுக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அகராதிக்காரர் அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'பரத்தை'க்கு ஆண்பால் 'பரத்தன்' இருக்கிறதே என்று நானும் ஆசைப்பட்டேன். குறள் 1311இல் தலைவி ஊடலில் தலைவனை 'பரத்த' என்றுதான் விளிக்கிறாள். ஆனால் அவன் பரத்தையரை நாடிப் போகிறவன்! காசு வாங்குகிறவன் இல்லை, கொடுக்கிறவன். பால் மாறியதும் கல்லாவின் அந்தப் பக்கம் போய்விட்டான். 'கூலித்துணைவன்' என்று ஒன்று செய்து பார்த்தேன், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த பெயர் மாதிரி இருந்தது. சரி, ஜிகோலோவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று. கதையில் அவனை அப்படி அழைப்பது நானில்லை, சீமாட்டியின் மருமகள். சொத்து கைவிட்டுப் போகிறதே என்ற எரிச்சலில் சொல்கிறாள். அவளிடம் கேட்டிருந்தால் உங்கள் அகராதியின் பொருளைத்தான் சொல்லியிருப்பாள்.