லட்சுமிகாந்தன் யார்? பழைய ஆவணங்களில் தேடுவது எப்படி?

கேள்வி, 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்துப்பட்டு, மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்த மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனைப் பற்றியது.

முதலில் பலரும் செய்யும் தவறு, அவர் பெயரிலேயே தேடுவது. கொலை வழக்கைக் குற்றம் சாட்டப்பட்டவர் பெயரில்தான் பதிவார்கள். எனவே தீர்ப்புகளை வெளியிடும் சட்ட இதழ்களின் 1946, 1947 தொகுதிகளில், இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நடிகர் தியாகராஜ பாகவதர் பெயரைத் தேடுங்கள். பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியது, 1947 ஏப்ரலில் விடுதலை என எல்லாம் அதைச் சுற்றியே கிடைக்கும்.

ஆனால் தீர்ப்பில் லட்சுமிகாந்தன் பிணமாகத்தான் இருப்பார். உயிரோடு பார்க்க வேண்டுமா? அவர் நடத்திய 'சினிமா தூது', 'இந்து நேசன்' மாதிரியான பழைய இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளைப் புரட்டலாம், பொறுமை வேண்டும். அப்புறம் ஒன்று: பழைய ஆங்கிலப் பதிவுகளில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். கடைசி எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள்.