வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

மதுரை வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் 9 வயது மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய். ஆராய்ச்சிப் பதிவேட்டில் சேர்த்துவிடுகிறேன், வெளிநாட்டு மருந்து சீக்கிரம் கிடைக்கும், எல்லா ரிப்போர்ட்டையும் 6,000 ரூபாயையும் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா?"

அனுப்பாதீர்கள் அம்மா. பணமும் வேண்டாம், ரிப்போர்ட்டும் வேண்டாம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் தேசிய அரிய நோய்ப் பதிவேட்டில் ஆஸ்பத்திரி வழியாகத்தான் விவரம் ஏறும். நடுவில் ஏஜென்ட்டுக்கு வேலையே இல்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அரிய நோய்களுக்கான சிறப்பு மையங்களில் ஒன்று, அங்கே விசாரியுங்கள். பதிந்தால் மருந்து கிடைக்கும் என்பதும் வெறும் ஆசைகாட்டல். மருந்துச் சோதனை நடக்கும்போது யார் பொருந்துவார்கள் என்று தேட அந்த விவரம் உதவும், அவ்வளவுதான்.

காசு விஷயத்தில் ஒரே ஒரு விலக்கு. மரபணுப் பரிசோதனையை நீங்களாகத் தனியார் லேபில் செய்தால் லேப் கட்டணம் உண்டு, அது நியாயம். அதைக் காட்டித்தான் "பதிவும் இதில் அடக்கம்" என்பார்கள். லேபில் கட்டுவது ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பதற்கு. அதற்கு லேபின் பெயரில் ரசீது வரும். தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போகும் பணம் எதுவும் லேப் கட்டணம் இல்லை. மருந்துச் சோதனையில் சேரவும் பணம் கட்டாதீர்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? முதலில் மரபணு ரிப்போர்ட்டின் முழு நகல். சுருக்கத்தை யாராவது டைப் செய்து தந்தால் ஏற்காதீர்கள். உங்கள் மகனுக்கு டிஸ்ட்ரோபின் மரபணுவில் (இந்த நோயில் பழுதாவது இதுதான்) 48 முதல் 50 வரை எக்ஸான்கள், அதாவது மரபணுவின் எண்ணிட்ட துண்டுகள், இல்லை என்றால் 51ஆம் துண்டை உடல் படிக்காமல் தாண்டவைக்கும் மருந்துக்குப் பொருந்துவான். 48 முதல் 52 வரை இல்லை என்றால் 53ஐத் தாண்டவைக்கும் மருந்து. டைப் செய்தவர் ஓர் எண்ணைத் தவறவிட்டால் பையன் வேறு பட்டியலில் உட்கார்ந்திருப்பான்.

அடுத்து, ஒரு நோட்டில் தேதிகள்: ஸ்டீராய்டு எப்போது தொடங்கினீர்கள், எந்த அளவு, எடை எவ்வளவு, படியேற எப்போதிலிருந்து சிரமப்பட்டான். மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 3/5 என்றால் மே மூன்றா, மார்ச் ஐந்தா என்று பின்னால் சண்டை வரும். பெயரையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால் என்று இருந்தால் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடுவான். இதைச் சரிசெய்ய ஆபா (ABHA) என்ற பொது அடையாள எண் இருந்தும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் புது ஓ.பி. சீட்டுப் போட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறது. மஞ்சப்பையில் கோப்பைத் தூக்கித் திரிவது பெற்றோர்தான்.

மகன் எங்காவது அட்மிட் ஆகியிருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் உள்ள கோப்பின் நகலை இப்போதே எழுதிக் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணத்தை 3 ஆண்டுகள் வைத்திருக்கத்தான் கட்டாயம். அதற்குப் பிறகு கேட்டால் "ரெக்கார்டு ரூமில் இல்லை" என்பதே பதில்.

பதிவேட்டில் சேர்க்கும்போது ஒப்புதல் படிவத்தில் நீங்கள் கையெழுத்திடுவீர்கள். ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலின்படி 7 வயதிலிருந்தே பிள்ளையிடமும் வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும். படிவத்தை நீட்டுபவர் உங்கள் மகனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால், கையெழுத்துப் போடுமுன் பேசச் சொல்லுங்கள்.