எல்டிஎல் 92 இருக்க ஸ்டாட்டின் எதற்கு?

சர்க்கரை நோயுள்ள அப்பாவுக்கு எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 92தானே, பிறகு எதற்கு அட்டோர்வாஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை), சிறுநீரகம் கெட்டுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அந்த ரிப்போர்ட்டில் எனக்குக் கவலை தருவது வேறு: டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 280, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 34, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவதைக் காட்டும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 140. கடைசியாகச் சொன்னது 30க்குள் இருக்க வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு) 1.1தானே என்று நிம்மதி அடைய முடியாது. பெரும்பாலும் அது ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அல்புமின் கசியத் தொடங்கிவிடும். டிரைகிளிசரைடு இப்படி ஏறியிருந்தால் எல்டிஎல் துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் கூடியிருக்கலாம். 92 என்ற எண் அந்த ஆபத்தைக் காட்டாது.

சர்க்கரையோடு சிறுநீரகமும் பாதிக்கப்பட்டால் மாரடைப்பு ஆபத்து நன்றாகவே கூடும். ஸ்டாட்டின் முக்கியமாக அதைத் தடுக்கத்தான். அட்டோர்வாஸ்டாட்டின் பெரும்பாலும் கல்லீரல் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதானாலும் அளவைக் குறைக்கத் தேவையில்லை. கடுமையான தசைவலியோ சிறுநீர் அடர்பழுப்பாகப் போவதோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாதபோது அல்புமின் சோதனையைத் திரும்ப எடுங்கள். 3 முதல் 6 மாதத்தில் மூன்றில் இரண்டு முறையாவது கூடுதலாக வந்தால்தான் உறுதி. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் போன்ற மருந்து பொருந்துமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள், கசிவையும் அது குறைக்கும்.